சங்கத்தில் 20 பேர், செல்போனில் 2,000 பேர்: எது உறவு, எது ஊடகம்?

ஒரு பாய் விரித்திருக்கும். சுற்றி 12 முதல் 20 பெண்கள். நடுவில் பணப் பெட்டி, தீர்மானப் புத்தகம், சேமிப்புக் கணக்கு நோட்டு. யார் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் ஏறிவிடும். இந்த வாரம் யார் பணம் கட்டவில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் கட்டவில்லை என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். “பாவம், அவ பையனுக்கு நாலு நாளா காய்ச்சல்” என்று பக்கத்து வீட்டுக்காரர் அவருக்காகப் பேசுவார்.

தமிழகத்தின் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால், இது தொடங்கிய இடம் தருமபுரி மாவட்டம். சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் இங்குதான் ஆரம்பித்தது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது தருமபுரிக்குள்தான் இருந்தது. 2004-ல்தான் அது தனி மாவட்டமானது. வானம் பார்த்த பூமியில், அடகு வைக்க ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லாத பெண்களுக்கு ‘இவளை எனக்குத் தெரியும்’ என்ற பக்கத்து வீட்டுக்காரியின் வார்த்தையே ஜாமீன் ஆனது.

இன்று அந்தக் குழுக்கள் பலவற்றுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ‘சாயங்காலம் 4 மணிக்குக் கூட்டம்’ என்று ஊக்குநர் ஒரு குரல் பதிவு போடுகிறார். அடுத்த நிமிடமே அதே குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. யார் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, எப்போது எடுத்தது, எதுவும் தெரியாது. கீழே ‘அனைவருக்கும் பகிரவும்’ என்று மட்டும் இருக்கிறது.

இரண்டும் ஒரே செயலியில், ஒரே திரையில், ஒரே ‘டிங்’ சத்தத்தோடு வருகின்றன. ஆனால், இரண்டும் ஒன்றல்ல. முதலாவது சமூக வலைப்பின்னல். இரண்டாவது சமூக ஊடகம்.

ஒரு நெல்லிக்கனியும் ஒரு பாட்டும்

‘சமூக வலைதளங்களில் வைரல்’ என்று ஒரு செய்தி சொல்கிறது. ‘சமூக ஊடகங்களில் பரவும் வீடியோ’ என்கிறது இன்னொன்று. இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் புழங்கிப் பழகிவிட்டோம். வித்தியாசம் புரிய, தருமபுரியின் பழைய கதை ஒன்றே போதும்.

தருமபுரிக்குச் சங்க காலத்தில் தகடூர் என்று பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாரிடம் கொடுத்தான். அது இருவருக்கு இடையிலான விஷயம். கொடுத்தவனுக்கு வாங்கியவரைத் தெரியும். வாங்கியவருக்குக் கொடுத்தவனைத் தெரியும். ஔவையார் அதைப் பாட்டாக்கினார். புறநானூற்றில் இருக்கும் அந்தப் பாட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, அவர் பார்த்தே இராத கோடிக்கணக்கானவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நெல்லிக்கனி, உறவு. பாட்டு, ஊடகம். உறவில் கேட்கலாம், பதில் சொல்லலாம், மன்னிக்கலாம். ஊடகம் ஒருவர் சொல்லப் பலர் கேட்பது. இரண்டுமே தேவை. ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

நண்பர் போனார், ரீல்ஸ் வந்தது

ஆரம்பத்தில் இணையத்தில் வந்தவை வலைப்பின்னல்கள்தான். 2004-ல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் வந்தன. ஃபேஸ்புக் முதலில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது. ஒருவர் நட்புக் கோரிக்கை அனுப்ப வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். இருவரும் சம்மதித்தால்தான் உறவு. ஒருவருக்கு 5,000 நண்பர்கள் என்று உச்சவரம்பும் உண்டு. கூடப் படித்த தோழியை 20 வருடம் கழித்துக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைப் பலருக்கும் தந்தது இந்த ஏற்பாடுதான்.

2006-ல் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ கொண்டுவந்தது. நண்பரின் பக்கத்துக்குப் போய் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று பார்த்த பழக்கம் மாறி, எல்லாம் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் ‘ஃபாலோ’ என்ற வழியைப் பிடித்தன. அதில் பெரும்பாலும் இருவரின் சம்மதம் தேவையில்லை. ஒரு நடிகரைக் கோடிப் பேர் பின்தொடரலாம். அவருக்கு அதில் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாள்களில் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் தொடங்கியது. இப்போது திரையைத் தள்ளத் தள்ள வருபவற்றில் பெரும்பகுதி, முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்கள். எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது நண்பர் அல்ல. நீங்கள் எதில் எத்தனை நொடி நின்றீர்கள் என்று கணக்குப் போடும் மென்பொருள்.

வாட்ஸ்அப்பிலும் இதே மாற்றம்தான். இருவர் பேசிக்கொள்ளும் செயலியாக வந்தது. இன்று ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். 2023-ல் வந்த ‘சேனல்’ வசதியில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. ஒரு பக்கம் அம்மாவின் குரல், மறு பக்கம் ஒலிபெருக்கி. இரண்டும் ஒரே பச்சை நிறப் பெட்டிக்குள்.

நம்பிக்கையைக் கடன் வாங்கும் வீடியோ

இந்தக் குழப்பம் உயிரையும் எடுக்கும் என்பதை 2018 காட்டியது. வட மாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வேலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் வாட்ஸ்அப் செய்திகள் சுற்றின. தருமபுரிக்கு அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில் மே 9 அன்று ஒரு கார் வந்து நின்றது. குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பி வந்த குடும்பம் அது. வழி கேட்க நின்றவர்கள், அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கும்பல் கூடியது. அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அந்த ஆண்டு பல மாநிலங்களில் பரவிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, விழிப்புணர்வு வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

கராச்சியில் எடுத்த படத்தை இங்கே இருப்பவர்கள் எப்படி நம்பினார்கள்? அதை அனுப்பியது முகம் தெரியாதவர் அல்ல என்பதால்தான். சித்தப்பா அனுப்பினார். மகனின் டியூஷன் டீச்சர் அனுப்பினார். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது உறவு தந்த நம்பிக்கை. ஆனால், அந்த வீடியோவைப் பற்றி அவர்களுக்கும் எதுவும் தெரியாது. ஊடகத்தில் வந்த ஒன்று, உறவின் நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் அறிவித்தது. ஃபார்வேர்டு ஆன செய்தியின் மேலே அம்புக்குறியும் வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த செய்தி என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அப்படிப்பட்ட ஃபார்வேர்டுகள் 70 சதவிகிதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. சுருக்கமாக, இரட்டை அம்புக்குறி என்றால், ‘அனுப்பியது சித்தப்பா, சொன்னது சித்தப்பா இல்லை.’

இரண்டும் கைகோத்தால்

அதற்காக ஊடகம் கெட்டது, உறவு நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது. அதே தருமபுரி மாவட்டத்தின் அரூர் பக்கம், மலைகளுக்கு நடுவே இருக்கிறது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அங்குள்ள லம்பாடி மக்களின் பாரம்பரியப் பூத்தையல் மறையும் நிலையில் இருந்தது. அதை அறிந்திருந்த மூத்த பெண்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொள்ள டாக்டர் லலிதா வழிசெய்தார். ‘போர்கை’ என்ற கைவினைக் கலைஞர்கள் சங்கம் உருவானது. லம்பாடி மொழியில் அதற்குப் ‘பெருமை’ என்று அர்த்தம்.

பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி பிடித்த கையைத் திருத்திக் கற்றுக்கொடுத்தது உறவு. அந்தத் துணிகளை வெளியூர்க்காரர்களின் கண்ணுக்குக் கொண்டுபோனது கண்காட்சிகளும் ஊடகமும். உறவு இல்லாமல் வெறும் விளம்பரம் இருந்திருந்தால், காட்டுவதற்குத் துணியே இருந்திருக்காது. உறவு மட்டும் இருந்திருந்தால், வாங்குவதற்கு ஆள் வந்திருக்காது.

வேலை தேடுவதிலும் இந்தக் கணக்கு உண்டு. நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் மூலமே பலருக்கு வேலைத் தகவல் கிடைக்கிறது என்று 1973-ல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர். தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களைக் கேட்டால், ‘ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னார்’ என்பார்கள். அந்த ஊர்க்காரரின் எண்ணைத் தொலைக்காமல் வைத்திருப்பது வலைப்பின்னல். நூறு பேருக்கு லைக் போடுவது வலைப்பின்னல் ஆகாது.

பகிரும் முன் மூன்று கேள்விகள்

*இதற்குப் பதில் சொன்னால் யாருக்குப் போகும்?* பெயரும் முகமும் தெரிந்த ஒருவருக்கு என்றால் அது உறவு. ‘தெரியவில்லை’ என்றால் அது ஊடகம். செய்தித்தாளைப் படிக்கும்போது எழுகிற சந்தேகம் இதற்கும் வேண்டும்.

*இதை யாரெல்லாம் பார்ப்பார்கள்?* ‘குடும்பத்தோடு ஒரு வாரம் ஊட்டி’ என்று வைக்கும் ஸ்டேட்டஸைச் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். செட்டிங்கை மாற்றாவிட்டால், பரஸ்பரம் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். என்றோ வீட்டுக்கு வந்த பிளம்பரும், முன்பு குடியிருந்த வீட்டின் தரகரும் அதில் அடக்கம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படத்துக்கும் இது பொருந்தும்.

*தவறாகிப்போனால் யாரைக் கேட்பது?* நண்பரின் படத்தோடு ஒரு கணக்கிலிருந்து ‘அவசரம், 10,000 ரூபாய் அனுப்பு’ என்று செய்தி வந்தால், அதே சாட்டில் பதில் போடக் கூடாது. பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் தருமபுரியின் பாயில் பதில் எப்போதும் தயாராக இருந்தது. சொன்னவர் எதிரில் இருந்தார். கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ண முடிந்தது. எடுத்த முடிவுக்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

செல்போனில் 2,000 எண்கள் இருக்கலாம். அதில், ஒரு வாரம் சத்தமே இல்லையென்றால் ‘என்னாச்சு, ஆளையே காணோம்?’ என்று கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? அந்தச் சின்னப் பட்டியலில் உள்ள ஒருவரை இன்றே அழைத்துப் பேசுங்கள். ஃபார்வேர்டு காத்திருக்கட்டும்.