முதல் நேஷனல் லீக்: ஜெயிச்ச அணி இப்ப எங்கே?

ஆதிச்சநல்லூர்ல இருந்து பேசுறேன். முதுமக்கள் தாழி கிடைச்ச ஊர்க்காரனுக்குப் பழசைத் தோண்டுறதுல ஒரு ஆசை உண்டு. இன்னைக்குத் தோண்டப்போறது 1996-97. இந்தியாவோட முதல் நேஷனல் ஃபுட்பால் லீக் நடந்த சீசன்.

அதுக்கு முன்னாடி போட்டியே இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. மாநில அணிகளுக்கு 1941-லிருந்து சந்தோஷ் டிராபி, கிளப்களுக்கு 1977-லிருந்து ஃபெடரேஷன் கப். ஆனா அதெல்லாம் சில வாரத்துல முடிஞ்சிடும். ஒரு மோசமான நாள் வந்தா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். லீக் அப்படி இல்ல. இன்னைக்குத் தோத்தாலும் அடுத்த வாரம் எழுந்திரிக்கலாம். மாசக்கணக்கா யார் தளராம ஆடுறாங்களோ, கோப்பை அவங்களுக்கு.

முதல் சீசன்ல 12 அணிகள், ஆறு ஆறா ரெண்டு குரூப். ஒவ்வொரு குரூப்லயும் முதல் நாலு இடம் பிடிச்சவங்க, மொத்தம் எட்டு அணிகள், அடுத்த சுற்றுக்குப் போகணும். அந்த எட்டுல கொல்கத்தாவின் மோகன் பகான் இல்லை! பேரும் பெருமையும் பாயின்ட் தராதுன்னு லீக் முதல் வருஷமே காட்டிடுச்சு. அடுத்த சீசன்ல அதே மோகன் பகான் சாம்பியன்.

முதல் கோப்பை பஞ்சாபின் பக்வாராவுக்குப் போச்சு. அங்க இருந்த ஒரு துணி மில்லோட அணி, ஜேசிடி. ஐ.எம்.விஜயன், ஜோ பால் அஞ்சேரி, இளைஞரான பைச்சுங் பூட்டியா எல்லாரும் அதுல. சீசன்ல அதிக கோல் அடிச்சது பூட்டியாதான்.

ஆனா 2011-ல ஜேசிடி அணியையே கலைச்சுட்டாங்க.

நம்ம கதையும் இதேதான். 2019 மார்ச்ல, கோயம்புத்தூர்ல, கடைசி மேட்ச்ல முதல் கோலை வாங்கின பிறகும் மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சு, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு பாயின்ட் அதிகம். அந்தக் கோப்பையைத் தொட்ட முதல் தமிழ்நாட்டு கிளப் அது. மூணு வருஷம் கழிச்சு, 2021-22 சீசன்ல, அந்த அணி லீக்லயே இல்லை.

ஒரு மில்லையோ ஒரு முதலாளியையோ மட்டும் நம்பி நிக்கிற அணிக்கு, கோப்பை ஆயுளைக் கூட்டாது. டிக்கெட் வாங்குற ஊர், வளர்ற பசங்களுக்கு ஒரு மைதானம், வருஷா வருஷம் வர்ற வருமானம், இந்த மூணும் இருந்தாத்தான் கிளப் நிலைக்கும். அதனால உங்க ஏரியாவுல மேட்ச் நடந்தா, ஸ்கோரை மட்டும் போன்ல பார்த்துட்டு விட்டுடாதீங்க. நேர்ல போய் உட்காருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.