ஏற 28 நிமிஷம், இறங்க 40 நிமிஷம்

எங்க மானாம்பதிப் பக்கம் பெரிய மேடுன்னா ஏரிக்கரைதான். உத்திரமேரூர் வட்டாரம் முழுக்க ஏரியும் வயலுமாகத் தட்டையான பூமி. இங்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான் லீவு விட்டால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதி, ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்புகிறார்கள். மலை ஏறும்போது வண்டியில் எல்லாரும் "பாத்துப் போப்பா" என்று நூறு தடவை சொல்வார்கள். இறங்கும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

திருமலைப் பாதையில் ஒரு நேரக் கணக்கு உண்டு. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தால் வேகமாக ஓட்டினீர்கள் என்று அர்த்தம். இறங்கும் வழி 1944-ல் போட்ட பழைய பாதை, வளைவுகள் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துகொள்ளலாம்.

முதலில் பாதை ஏன் வளைகிறது என்று பார்ப்போம். மலைச் சாலைக்கு ஐஆர்சி சொல்லும் வழக்கமான சரிவு 20-க்கு 1. அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரலாம். 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால் 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே மலைச் சரிவில் வைக்க வேண்டுமானால் மடித்து மடித்துத்தான் போட முடியும். அந்த மடிப்புதான் கொண்டை ஊசி வளைவு. ஏலகிரியில் 14 (ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள்), ஏற்காட்டில் 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலையில் 70. வளைவுக்குள் வண்டியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் அதை வடிவமைக்கிறார்கள்.

இப்போது கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 1,000 மீட்டர் இறங்குகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். எவ்வளவு தெரியுமா? மூணு குடம் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது இந்தப் பிரச்சினையே இல்லை, வண்டியை நிறுத்துவதற்கு மலையே உதவி செய்யும்.

பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பிரேக் பேடு சூடேறிப் பிடிப்பு குறையும். கருகல் வாடை வருவது அப்போதுதான். இரண்டாவது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதித்தால் பெடல் "சொய்ங்" என்று கீழே போகும், வண்டி நிற்காது. ஏரிக்கரை ரோட்டில் வருஷக்கணக்காக நன்றாகப் பிடித்த அதே பிரேக்தான். அங்கே அது இந்தச் சூட்டைப் பார்த்ததே இல்லை.

நம்மூரில் இன்னொரு பழக்கம், இறக்கத்தில் நியூட்ரல் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது. இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இது கணக்குப்படியே தப்பு. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் செலவாகும். சாவியையே ஆஃப் பண்ணினால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும்.

பழைய லாரி டிரைவர்கள் சொல்வதுதான் சரி: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும், அந்த இடைவெளியில் பிரேக் ஆறும். ஆட்டோமேட்டிக் காரானால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு, வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விடுபட்டுச் சும்மா உருளும். அதில் இறங்குகிறவர்கள் நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் வர வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்கு எதிர்க்கரையில் பியலாக் ந பா என்று ஒரு மலைச் சாலை. 626 மீட்டர் உயரம்தான், ஆனால் சில இடங்களில் சரிவு 5-க்கு 1 அளவுக்குப் போகிறது. புதிதாக ஓட்டக் கற்பவர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் 36 வளைவு உள்ள கல்லட்டிப் பாதையிலும், விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. பழக்கமில்லாதவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணி ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் விரிசல் விடலாம். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். பெடல் கீழே போய்விட்டால் வேகவேகமாகப் பம்ப் செய்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டயரில் காத்து பார்க்கிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். அப்படியே மெக்கானிக்கிடம் "பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷமாச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டே மலைக்குப் போங்கள். திரும்பி வரும்போது வண்டியில் யாரும் தூங்காமல் "பாத்து இறங்குப்பா" என்று சொன்னால் இன்னும் நல்லது.