சும்மா இருந்தால் திக்கும் லேப்டாப்

மன்னார்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லேப்டாப்பில் பாட்டு மட்டும் போட்டால் டக் டக்கென்று திக்குகிறதாம். கூடவே வீடியோ எடிட்டிங்கை ஓடவிட்டால் திக்கல் நின்றுவிடுகிறதாம். கடைக்காரர் இதை நம்பாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஸ்பீக்கரையும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார். திக்கல் போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. வேலை கூடினால்தானே இயந்திரம் திணறும்? இங்கே வேலை குறைந்தால் திணறுகிறது.

எல்லாம் பிராசஸரின் தூக்கம். வேலையில்லாத கணங்களில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அது தன்னைப் பகுதி பகுதியாக அணைத்துக்கொள்ளும். இந்தத் தூக்கத்தில் படிகள் உண்டு. சி1 என்பது கோழித்தூக்கம். எழ ஓரிரு மைக்ரோ விநாடி போதும். சி6, அதற்கும் கீழே போய்விட்டால் நூறு, சிலவற்றில் பல நூறு மைக்ரோ விநாடிகூட ஆகும். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் இப்படித்தான். சாயங்காலக் கூட்டத்தில் சீட்டை நீட்டுவதற்குள் மாத்திரை கைக்கு வந்துவிடும். ஆளில்லாத மதியத்தில் போனால் அவர் விழித்து, கண்ணாடியைத் தேடி, விளக்கைப் போட்டு... அதற்குள் தலைவலியே போய்விடும்.

ஒலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால், விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி விநாடிக்கு ஒரு தவணையாக 480 மாதிரிகளைத் தயார் செய்கிறது. கையிருப்பு தீருமுன் அடுத்த தவணை வராவிட்டால் 'டக்'. விழிக்கும் தாமதம் மட்டுமே இதைக் கெடுத்துவிடாது. தூங்கி எழுந்த பிராசஸர் குறைந்த வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்க, அந்த நேரம் பார்த்து வைஃபை டிரைவரும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டால் தவணை தவறும். எடிட்டிங் ஓடும்போது தூங்கவும் வழியில்லை, வேகமும் இறங்காது.

முதலில் சார்ஜரைச் செருகிக் கேளுங்கள். திக்கல் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு பவர் ஆப்ஷன்ஸில் 'மினிமம் பிராசஸர் ஸ்டேட்' பெரும்பாலும் 5 சதவீதம் என்றிருக்கும். 100 ஆக்கிப் பாருங்கள். சில லேப்டாப்களில் தயாரிப்பாளர்கள் இதையே மறைத்துவைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவனிடம் ஏன் இந்த ஒளிவுமறைவோ! இந்த 100-உம் வேகத்தைத்தான் பிடித்துநிறுத்தும், தூக்கத்தை அல்ல. அதற்கு பயாஸில் 'சி-ஸ்டேட்ஸ்' இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மின்சிக்கன ஏற்பாடுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மடி சுடும், பேட்டரி சீக்கிரம் தீரும். லேட்டன்ஸிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் இழுத்தடிக்கிறது என்று காட்டும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அந்த டிரைவரைப் புதுப்பித்ததும் திக்கல் நின்றுவிட்டால் 100-ஐ மறுபடி 5 ஆக்கிவிடலாம். நிற்காவிட்டால் பாட்டுக்கென்று தனி பவர் பிளான் ஒன்றை வைத்துக்கொண்டு, கேட்கும் நேரத்துக்கு மட்டும் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.