'நன்றி: கூகுள்' போட்டால் போதுமா? ஆய்வேட்டில் படங்களுக்குச் சான்று காட்டுவது எப்படி?

ஆய்வேட்டில் ஒருவரின் ஒரு வரியை எடுத்தாண்டால்கூட நூல் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட வேண்டும் என்பது முதுகலை மாணவருக்கே தெரியும். அதே ஆய்வேட்டில் ஓர் ஓவியத்தையோ சிலையின் படத்தையோ சேர்க்கும்போது மட்டும் கீழே 'நன்றி: கூகுள்' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் 'பின்டரெஸ்ட்' என்பார்கள். பத்திரிகைகளே 'படம்: இணையம்' என்று போட்டுவிட்டுப் போகும்போது மாணவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லைதான்.

ஆனால், கூகுள் ஒரு தேடுபொறி. படத்தை வரைந்ததும் அது இல்லை, எடுத்ததும் இல்லை, பாதுகாத்து வைத்திருப்பதும் இல்லை. புத்தகத்துக்குச் சான்றாக 'நூலகத்தின் மூன்றாவது அலமாரி' என்று எழுதுவது மாதிரிதான் இதுவும். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பொதுவாக வாசகங்களைத்தான் ஒப்பிடுகின்றன. அதனால் படம் மாட்டாமல் தப்பித்துவிடுகிறது. மாட்டுவது வைவாவில்தான்: "இந்தச் சிலை இப்போ எங்கே இருக்கு?" என்று தேர்வாளர் கேட்கும்போது.

ஒரு படக்குறிப்பு என்ன செய்யும்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் சிலை திருடுபோனது. அதை 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். அந்தச் சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதங்களும் கூடவே வந்தன. காகிதம் பக்காவாக இருந்தது.

அதைப் பொய்யாக்கியவற்றில் முக்கியமானது ஒரு புகைப்படம். 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து, ஊர், கோயில், தேதி குறித்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 1994-ல் கோயிலிலேயே இருந்ததை அந்தத் தொகுப்பின் படம் காட்டியது. எப்போதோ நாட்டை விட்டுப் போன சிலை 1994-ல் எப்படிக் கோயிலில் இருக்கும்? 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

அந்தப் படத்துக்குக் கீழே 'நடராஜர், சோழர் காலம்' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்நாட்டில் சோழர் கால நடராஜர்கள் எத்தனையோ. ஊரும் தேதியும் இருந்ததால்தான் அது வெறும் படமாக இல்லாமல் சாட்சியாக நின்றது.

இதே சிலையைப் பற்றிய பழைய கட்டுரையிலிருந்து 'ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம், கான்பெரா' என்ற குறிப்பை இன்று ஒருவர் அப்படியே நகலெடுத்துப் போட்டால், அது தவறான தகவல். 'இருப்பிடம்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வில்லங்கம் இருக்கிறது.

படைப்பு வேறு, அதன் படம் வேறு

பலரும் சறுக்கும் இடம் இது. ஆய்வேட்டில் இருப்பது ஓவியம் அல்ல, ஓவியத்தின் படம். ஆகவே இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்: படைத்தவர் யார், இந்தப் படம் எங்கிருந்து வந்தது.

ராஜா ரவி வர்மாவின் சரஸ்வதியை எடுத்துக்கொள்வோம். கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் அவர் வரைந்தது 1896-ல். நம் வீட்டு பூஜையறைகளுக்கு வந்து சேர்ந்தது அது இல்லை. அதைப் பார்த்து அவருடைய அச்சகம் கல்லச்சு முறையில் வெளியிட்ட வண்ணப் பிரதிகளும், பிறகு வந்த காலண்டர் நகல்களும்தான். இணையத்தில் 'ரவி வர்மா சரஸ்வதி' என்று தேடினால் எல்லாம் கலந்துகட்டி வரும். காலண்டர் பிரதியை ஒட்டிவிட்டு 'எண்ணெய் வண்ணம், 1896' என்று எழுதி, அதன் நிறத்தேர்வைப் பற்றி இரண்டு பக்கம் ஆராய்ந்தால்? அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ரவி வர்மா இல்லை, அச்சகம்.

ஆகவே ஒரு படக்குறிப்பில் கலைஞர் பெயர் (தெரியாவிட்டால் காலமும் பகுதியும்), தலைப்பு, ஆண்டு, ஊடகம், இருக்கும் இடம், அருங்காட்சியகம் தந்த பதிவு எண் ஆகியவை வர வேண்டும். அதற்குப் பிறகு, படம் எடுத்தவர் அல்லது எடுத்த தளம். ரவி வர்மா படத்துக்கு இப்படி: 'ராஜா ரவி வர்மா, சரஸ்வதி, 1896, கித்தானில் எண்ணெய் வண்ணம், மகாராஜா ஃபதே சிங் அருங்காட்சியகம், வடோதரா. படம்:' என்று எழுதி, எங்கிருந்து எடுத்தோமோ அந்த நூலின் பக்கம் அல்லது இணைய முகவரி.

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய பாணிகளில் வரிசையும் நிறுத்தற்குறியும்தான் மாறும். ஏபிஏ-வில் தலைப்புக்குப் பின் 'ஓவியம்', 'சிற்பம்' என்று சதுர அடைப்புக்குள் வகையைச் சொல்ல வேண்டும். சிகாகோவில் பெரும்பாலும் படக்குறிப்போ கட்டுரைக்குள் சொல்வதோ போதும். எது வேண்டும் என்று கைடிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பெயர் போட்டாச்சு, அனுமதி?

சான்று காட்டிவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1906-ல் மறைந்த ரவி வர்மா, 1941-ல் மறைந்த அம்ரிதா ஷேர்கில் ஆகியோரின் படைப்புகளுக்கு அது முடிந்துவிட்டது. 2011-ல் மறைந்த எம்.எஃப். ஹுசைனுக்கு முடியவில்லை. சிலைகளில் இன்னொரு சிக்கல்: சிலைக்கு ஆயிரம் வயது, ஆனால் போன வருடம் அதைப் படமெடுத்தவருக்கு அந்தப் புகைப்படத்தில் உரிமை இருக்கிறது.

ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஆய்வேடு நூலாகி விற்பனைக்கு வரும்போது பதிப்பகம் எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அங்கே பதிவு எண்ணும் படத்துடனேயே கிடைக்கும். விக்கிமீடியா காமன்ஸ் படங்களில் பலவற்றுக்கு, எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதைப் படிக்காமல் தரவிறக்குபவர்கள்தான் அதிகம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படமென்றால் எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன கட்டளை என்பதையாவது சொல்ல வேண்டும். எம்எல்ஏ பாணி அந்தக் கருவியை ஆசிரியராக ஏற்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படம், எங்கே எடுத்தது என்றே தெரியவில்லையா? கூகுள் லென்ஸில் போட்டு, கிடைக்கும் பக்கங்களில் அருங்காட்சியகம், நூலகம், ஆவணக் காப்பகம் எது என்று பார்த்து அங்கே போகலாம். இந்த வேலைக்கு கூகுள் உதவும். அப்போதும் மூலம் கிடைக்காவிட்டால், அதே படைப்புக்கு மூலம் தெரிந்த வேறொரு படத்தைப் போட்டுக்கொள்ளலாம்.