மறக்க முடியாததை மன்னிக்க முடியுமா?



வீடு சந்திப்புக்குச் செல்லும்போது பங்குத்தந்தையர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "சாமி, நான் மன்னிச்சிட்டேன். ஆனா மறக்கத்தான் முடியல. அப்படின்னா நான் உண்மையிலேயே மன்னிக்கலையா?" சொத்துப் பிரிவினையில் தம்பியால் ஏமாற்றப்பட்ட அண்ணன் இப்படிக் கேட்பார். முதுமையில் மகனால் கைவிடப்பட்ட தாய் கேட்பார். "மறந்துவிடுங்கள், ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்" என்று நாங்களும் சொல்லிவிட்டு வருவோம். அந்தப் பதில் கேட்டவருக்கும் நிறைவு தந்ததில்லை, சொன்ன எங்களுக்கும் தந்ததில்லை.

இதைப் பற்றி எங்களை மீண்டும் சிந்திக்க வைத்தது ஒரு தியானமோ இறையியல் நூலோ அல்ல. ஓர் அமெரிக்க விண்வெளித் தொடர் என்றால் வியப்பாக இருக்கும். பங்கின் இளையோர் சிலர் "பாபிலோன் 5" என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் குறுந்தகடுகளைக் கொண்டுவந்து, "ஃபாதர், இதை ஒருமுறை பாருங்கள்" என்றார்கள். இரவு செபமும் சாப்பாடும் முடிந்தபின், நாங்களும் உதவிப் பங்குத்தந்தையும் நாளுக்கு ஒரு பகுதி என்று பார்க்கத் தொடங்கினோம். உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் எங்களுக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. விண்கலங்கள் சண்டையிடும், விநோத முகங்கள் வந்துபோகும், அவ்வளவுதான் என்றிருந்தோம். முதல் சில பகுதிகளின்போது நாற்காலியிலேயே தூங்கியும் விட்டோம்.

இந்தத் தொடரின் முன்னோட்டத் திரைப்படம் 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடர் 1994 முதல் 1998 வரை ஐந்து ஆண்டுகளில் 110 பகுதிகளாக ஒளிபரப்பானது. அவற்றுள் 92 பகுதிகளை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒரே எழுத்தாளரே எழுதினார். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்ட ஒரே நீண்ட கதை இது. முதல் ஆண்டில் ஒருவர் செய்த தவறின் விளைவு ஐந்தாம் ஆண்டில் அவரைத் தேடி வரும். அக்காலத் தொலைக்காட்சியில் இது அரிய முயற்சி.

கதை நடப்பது 2258ஆம் ஆண்டு முதல். ஐந்து மைல் நீளமுள்ள ஒரு விண்வெளி நிலையம். அதில் மனிதரும் வேற்றுலக இனத்தாருமாக இரண்டரை இலட்சம் பேர் வாழ்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் போரிட்ட இனங்கள் உட்கார்ந்து பேசுவதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. ஏற்கெனவே கட்டிய மூன்று நிலையங்கள் சதிவேலையால் அழிந்தன, நான்காவது காணாமற்போனது, இது ஐந்தாவது. பாபிலோன் என்ற பெயரைக் கேட்டதும் தொடக்கநூல் 11ஆம் அதிகாரத்தின் பாபேல் கோபுரம் நம் நினைவுக்கு வரும். அங்கே ஒரே மொழி பேசியவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் சிதறிப் போனார்கள். இங்கே சிதறிக் கிடப்பவர்கள் புரிந்துகொள்ளக் கூடி வருகிறார்கள்.

எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. இதை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி தம்மைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று வெளிப்படையாகச் சொல்பவர். ஆயினும் இறைநம்பிக்கை உள்ளவர்களை அவர் ஓரிடத்திலும் கேலிப் பொருளாக்கவில்லை. வார்த்தையின் விதைகள் எங்கும் தூவப்பட்டுள்ளன என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார் மறைசாட்சி புனித ஜஸ்டின். எதிர்பாராத நிலத்திலும் அந்த விதை முளைக்கும் என்பதை இத்தொடரின் மூன்றாம் ஆண்டில், 1995இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் கண்டோம். அதன் தலைப்பிலேயே கெத்சமனி என்ற பெயர் இருக்கிறது.

சகோதரர் எட்வர்டின் கதை

அந்த நிலையத்தில் கத்தோலிக்கத் துறவிகள் சிலர் வந்து தங்கியிருக்கிறார்கள். தலைவர் பெயர் சகோதரர் தியோ. வேற்றுலக மக்கள் கடவுளை எந்தெந்தப் பெயர்களால் அழைக்கிறார்கள் என்று அறிவது அவர்களது நோக்கம். அவர்களுள் ஒருவர் எட்வர்டு. எல்லாராலும் நேசிக்கப்படும் சாந்தமான மனிதர். உமது நம்பிக்கையின் மையம் எது என்று வேற்று இனத் தூதுவர் ஒருவர் கேட்கும்போது, எட்வர்டு கெத்சமனித் தோட்டத்தைச் சொல்கிறார். படைவீரர் வருவது இயேசுவுக்குத் தெரியும். எழுந்து போயிருக்கலாம். ஆனால் பிறருடைய பாவங்களுக்காக அங்கேயே தங்கினார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் தங்கும் துணிவு எனக்கு இருந்திருக்குமா என்பதே தம்மை விடாமல் தொடரும் கேள்வி என்கிறார்.

பிறகு எட்வர்டுக்கு அச்சமூட்டும் காட்சிகள் தோன்றுகின்றன. அவரே தேடிப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் பலரைக் கொன்ற கொலையாளி அவர்! அந்தக் கற்பனை உலகில் மரண தண்டனைக்குப் பதிலாக ஒரு தண்டனை உண்டு. குற்றவாளியின் நினைவு முழுவதையும் அழித்து, புதிய ஆளுமையைப் பதித்து, நற்பணி செய்ய அனுப்பிவிடுவார்கள். பழைய மனிதனைப் பற்றி எட்வர்டுக்கு ஒன்றுமே தெரியாது. கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள்தாம், பழிவாங்குவதற்காக, அந்த நினைவுகளை அவருக்குள் மீண்டும் கிளறிவிடுகிறார்கள்.

அப்போது எட்வர்டு தலைவரிடம் கேட்கும் கேள்வி ஒரு குருவின் நெஞ்சைத் தைக்கும். என்னவென்றே தெரியாத பாவங்களை நான் எப்படி அறிக்கையிடுவேன்? நினைவில் இல்லாதவற்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பேன்? இந்தக் கேள்வியைச் சுமந்தபடி அவர் நிலையத்தின் கீழ்த்தளத்துக்குச் செல்கிறார். பழிவாங்க வருபவர்களிடமிருந்து தப்பி ஓடவில்லை; தங்குகிறார். சிலுவைபோல் கட்டப்பட்டு, சாகும் தறுவாயில், தலைவரின் செபத்தோடு உயிர் விடுகிறார். கெத்சமனி பற்றிய அவரது கேள்விக்கு அவரே பதிலாகிவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. எட்வர்டைக் கொன்றவனுக்கும் அதே நினைவழிப்புத் தண்டனை தரப்படுகிறது. பிறகு அவன் புதிய துறவியாகத் தியோவின் குழுவிலேயே வந்து நிற்கிறான். தம் சகோதரனைக் கொன்றவனைத் தியோ தம் சபையில் சேர்த்துக்கொண்டார். நிலையத்தின் தளபதி ஷெரிடன் அவனைக் கண்டதும் முகம் இறுகி நிற்கிறார். பின் பெருமுயற்சியோடு கை நீட்டுகிறார். அந்தக் காட்சி முடிந்தபின் நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவே இல்லை.

அழிப்பது வேறு, மன்னிப்பது வேறு

அன்பார்ந்தவர்களே, அந்த உலகின் நீதிமன்றம் செய்தது என்ன? நினைவை அழித்தது. அதனால் யாருக்காவது அமைதி கிடைத்ததா? பாதிக்கப்பட்டவர்களுக்கும் இல்லை, குற்றவாளிக்கும் இல்லை. அழிக்கப்பட்ட நினைவு தேடி வந்தது. ஆனால் மன்னித்தவர் தியோ. அவர் எதையும் மறக்கவில்லை. எல்லாம் தெரிந்தே கரம் நீட்டினார்.

நம் திருச்சபையின் ஒப்புரவு அருளடையாளம் இதைத்தான் கற்பிக்கிறது. நல்ல ஒப்புரவுக்கு வேண்டியவை ஐந்து என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே! பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை எனத் தீர்மானிப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, பரிகாரத்தை நிறைவேற்றுவது. முதற்படியே நினைத்துப் பார்ப்பதுதான். மறதியில் தொடங்குகிற ஒப்புரவு இல்லை.

அப்படியானால் எட்வர்டின் கேள்விக்குப் பதில் என்ன? திருச்சபை அதற்கும் பதில் வைத்திருக்கிறது. 1551ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம் இதைத் தெளிவுபடுத்தியது. மனச்சான்றைக் கவனமாக ஆராய்ந்தும் நினைவுக்கு வராமல் போன பாவங்கள், அந்த ஒப்புரவிலேயே அடங்கிவிடுகின்றன. நாம் மறந்ததும் கடவுளுக்குத் தெரியும். அதையும் சேர்த்தே அவர் மன்னிக்கிறார். "ஏதாவது விட்டுப்போயிருக்குமோ" என்று அஞ்சி வருந்தும் வயதானவர்கள் இதை மனத்தில் வைத்து ஆறுதல் அடையலாம்.

நற்செய்தியிலும் ஆண்டவர் நினைவை அழிக்கவில்லை. பேதுரு ஆண்டவரை மறுதலித்தது தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர்காயக் கரியால் மூட்டிய தீயின் அருகில் (யோவான் 18:18). உயிர்த்த இயேசு திபேரியாக் கடலோரத்தில் காலை உணவு சமைத்து வைத்திருந்ததும் கரியால் மூட்டிய தீயில்தான் (யோவான் 21:9). புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் வரும் இடங்கள் இவ்விரண்டு மட்டுமே. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்கிறார். பேதுருவுக்குப் பழைய இரவு நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா? அந்த நினைவின் நடுவில் நிறுத்தியே ஆண்டவர் அவரைக் குணமாக்கினார். உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் காயத்தழும்புகள் அப்படியே இருந்தன.

மன்னிப்புக்கு நாள் எடுக்கும்

இத்தொடரில் இன்னொரு பாடமும் உண்டு. லோண்டோ, ஜிகார் என்று இரு தூதுவர்கள். லோண்டோவின் இனம் ஜிகாரின் நாட்டைக் குண்டுகளால் தரைமட்டமாக்குகிறது. அந்தப் போருக்கு வழிவகுத்தவர்களுள் லோண்டோவும் ஒருவர். அவருடைய உதவியாளர் வீர் மின்தூக்கியில் ஜிகாரைச் சந்தித்து வருத்தம் தெரிவிக்கும்போது, ஜிகார் தம் உள்ளங்கையைக் கிழித்து இரத்தத்தைச் சொட்டவிட்டு, இறந்தவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். மன்னிக்க மறுக்கிறார். அந்த மறுப்பு நேர்மையானது என்றே எங்களுக்குப் பட்டது. காயம் பச்சையாக இருக்கும்போது மன்னிப்பை அவசரப்படுத்தக் கூடாது.

ஆண்டுகள் கடக்கின்றன. லோண்டோ மாரடைப்பால் சாகக் கிடக்கிறார். ஒரு கனவில், வருந்துகிறேன் என்ற ஒரு சொல்லைச் சொன்னாலன்றி வாழ்வில்லை என்று அவருக்கு உணர்த்தப்படுகிறது. கண்விழித்ததும் ஜிகாரிடம் அதைச் சொல்கிறார். இறுதிப் பிரிவின்போது, என் மக்கள் உம் மக்களை மன்னிக்க மாட்டார்கள், ஆனால் நான் உம்மை மன்னிக்க முடியும் என்கிறார் ஜிகார். அந்த நாளைக் காண நாங்கள் மூன்று ஆண்டுக் கதையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் கதைதானே என்று சிலர் கேட்கலாம். எட்வர்டின் கதை ஒளிபரப்பான அதே 1995ஆம் ஆண்டு, பிப்ரவரி 25 அன்று, நம் நாட்டின் மத்தியப் பிரதேசத்தில் அருள்சகோதரி ராணி மரியா பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்து, இந்தூர் மறைமாவட்டத்தில் ஏழைப் பழங்குடி மக்களுக்காக உழைத்தவர். கொன்றவர் சமுந்தர் சிங். 2002ஆம் ஆண்டு, ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அருள்சகோதரியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று, அவரைத் தம் சகோதரராக ஏற்று இராக்கி கட்டினார். 2006இல் அவர் விடுதலையாகவும் அக்குடும்பமே துணைநின்றது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார். செல்மி பால் தம் அக்காவை மறந்தா அந்தக் கயிற்றைக் கட்டினார்? நினைத்துக்கொண்டேதான் கட்டினார்.

ஆகவே, வீடு சந்திப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது இப்படிப் பதில் சொல்ல விரும்புகிறோம். மறக்க முடியவில்லை என்பதால் நீங்கள் மன்னிக்கவில்லை என்று ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2843) இதையே சொல்கிறது. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை. ஆனால் தூய ஆவியாரிடம் தன்னை ஒப்படைக்கும் உள்ளம், அந்தக் காயத்தையே இரக்கமாகவும், தீங்கு செய்தவருக்கான மன்றாட்டாகவும் மாற்றுகிறது.

அதனால், அந்த நினைவு வரும்போது அதைத் துரத்தாதீர்கள். அதோடு சேர்த்து அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். அவ்வளவு போதும், இன்றைக்கு அதுவே மன்னிப்பு. நாளைக்கும் நினைவு வரும், நாளைக்கும் சொல்லுங்கள். தவறு செய்தவர் நீங்களாக இருந்தால், லோண்டோவைப் போலச் சாவு வாசல்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லை இந்த வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள்.

கெத்சமனியில் நமக்காகத் தங்கிய ஆண்டவர், மன்னிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் நமக்குத் துணிவு தருவாராக! ஆமென்.