இரட்டைக் கருவும் மலைநாட்டுத் தாயும்

ஒட்டிய வாழைப்பழத்தை உண்ணலாகாது என்று இளம் பெண்களைப் பாட்டியர் தடுப்பதுண்டு. உண்டால் இரட்டைப் பிள்ளை பிறக்குமாம். பழத்திற்கும் கருவிற்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும், இரட்டைப் பேறு இடர் மிகுந்தது என்னும் பட்டறிவு அத்தடையில் பொதிந்துள்ளது.

இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால் குழந்தை ஒவ்வொன்றிற்கும் தனி நஞ்சுக்கொடி அமையும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒத்த உருவினர் தோன்றுவர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளர்வர். பேரிடர் இவர்களுக்கே. நஞ்சுக்கொடியிலுள்ள குழாய்களின் வழியே ஒரு குழவியின் குருதி மற்றதற்குச் சென்றுகொண்டேயிருக்கலாம். கொடுக்கும் குழவி மெலியும். பெறும் குழவியின் இதயம் சுமை தாங்காது தளரும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து இணைகளில் இது நேர்கிறது.

முன்னாளில் இதற்குப் பனிநீரை வடித்தெடுப்பதே மருத்துவமாயிருந்தது. பின்னர், கருப்பையினுள் நுண்குழாய் செலுத்தி, லேசர் ஒளியால் அக்குருதிக் குழாய்களை அடைக்கும் முறை வந்தது. 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் பெற்ற தாய்மாருள் 76 விழுக்காட்டினருக்கு ஒரு குழந்தையேனும் பிழைத்தது. நீர் வடித்த முறையில் அது 56 விழுக்காடே.

ஆனால், உரிய காலத்தில் கண்டறிந்தாலன்றி இம்மருத்துவம் பயன்படாது. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 14 வாரத்திற்குள் ஸ்கேன் காட்டிவிடும். குழந்தைகளைப் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைச் சேருமிடத்தில் முக்கோணமாய்த் தடித்திருப்பின் இரண்டு. மெல்லிய கோடாய்ச் சேரின் ஒன்று. நாளாக ஆக இவ்வடையாளம் மங்கும். ஒன்றாயின், 16ஆம் வாரம் முதல் இரு வாரத்திற்கொரு முறை சோதித்தல் வேண்டும். இரண்டாயின், பொதுவாக நான்கு வாரத்திற்கொரு முறை போதும். வேறு சிக்கல் இல்லையெனில், தனித்தனிப் பனிக்குடமுடைய இரட்டையரை முன்னதில் 36ஆம் வாரத்திலும், பின்னதில் 37ஆம் வாரத்திலும் பெறுவிப்பர்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே உள்ளது திரிங்காப். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. ஈப்போவின் பெரிய மருத்துவமனைக்குச் செல்லக் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபடுவதும் உண்டு. எனவே, இங்குள்ள தாய் பேறுகால வலி வந்தபின் புறப்படலாகாது. எங்கே பெறுவது, எந்நாளில் இறங்குவது, கீழே எவ்வீட்டில் தங்குவது என்பவற்றை முன்னரே மருத்துவருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

வயிறு திடீரெனப் பெருத்து மூச்சு முட்டுதல், கடுந்தலைவலி, கண் மங்கல், குருதிப் போக்கு, நீர் கசிதல், 37 வாரத்திற்கு முன்னரே வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். குறைமாதத்தில் பிறக்க நேரின், குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியைப் பேற்றுக்கு முன்னரே தாய்க்கு இடுவர். அதற்கும் நேரம் வேண்டும். மலைநாட்டில் அந்த நேரத்தைத் தேடித்தருவது, கருவுற்ற தொடக்கத்திலேயே செய்துகொள்ளும் முதற் சோதனையேயாகும்.