பறக்கும் தட்டுகளும் சோவியத் நாட்டு ஆர்வலர் ஆராய்ச்சியும்

வானத்திலே வழமைக்கு மாறானதொரு தோற்றம் காணப்படுமிடத்து, கண்டவர் அஞ்சுவதும், அச்சம் தெளிந்தபின் அதனை ஆராய முற்படுவதும் மனித இயல்பாகும். வால்வெள்ளி தோன்றின் மன்னனுக்குக் கேடு வருமென்று நம் முன்னோரும் நம்பினர், மேலைநாட்டாரும் நம்பினர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வால்வெள்ளி வகித்த அவ்விடத்தைப் பறக்கும் தட்டு பிடித்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் திகதி, அமெரிக்க விமானியொருவர் வாஷிங்டன் மாநிலத்து மலைத்தொடரின் அருகே ஒன்பது பொருள்கள் அதிவிரைவாகச் செல்லக் கண்டதாகக் கூறினார். பத்திரிகைகள் அவற்றுக்கு அப்பெயரைச் சூட்டின. அமெரிக்காவிலே அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பலரும் படித்திருப்பர். சோவியத் நாட்டிலே இத்துறையில் உழைத்தோரின் வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. ஆயினும், ஆராய்ச்சி என்பது எவ்விடத்திலே செவ்வையாகச் செல்கின்றது, எவ்விடத்திலே இடறுகின்றது என்பதை அறிய விரும்புவார்க்கு அவ்வரலாறே கூடிய பயன் தருவதாகும்.

சோவியத் நாட்டிலே பத்திரிகை, வானொலி, அச்சகம் யாவும் அரசின் கையில் இருந்தன. எனவே இத்தகைய செய்திகளைத் திரட்டுவோர் தம் ஓய்வு நேரத்திலே, தம் சொந்தச் செலவிலே உழைக்கவேண்டியவராயினர். இவ்வாறு அரசின் ஏவலின்றித் தாமாகவே ஆராயும் வழக்கம் அங்கு வேறொரு விடயத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. 1908ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் திகதி சைபீரியாவிலே துங்குஸ்கா ஆற்றின் அயலில் வானிலே பெருவெடிப்பொன்று நிகழ்ந்து, 2000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டை வீழ்த்தியது. 1946இல் அலெக்சாந்தர் கசான்செவ் என்னும் எழுத்தாளர், வேற்றுக் கிரகத்து விண்கலமொன்று அங்கு வெடித்ததாகக் கதையொன்று புனைந்தார். கதை கதையாக நின்றிருக்கலாம், நிற்கவில்லை. 1958இல் தொம்ஸ்க் நகரிலே கெனாடி பிளெக்கானொவ் என்பார் ஒரு குழுவைக் கூட்டினார். மறு ஆண்டு முதல் மாணவரும் ஆசிரியரும் பொறியியலாளரும் தம் விடுமுறைகளிலே அக்காட்டுக்குச் சென்று, வீழ்ந்து கிடந்த மரங்கள் ஒவ்வொன்றும் எத்திசை நோக்கிக் கிடக்கின்றதென அளந்தனர். கொசுக்கடியிலும் சேற்றிலும் பல கோடைகள் கழிந்தன. விண்கலத்தின் சிதைவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த ஒரு வரைபடம் கிடைத்தது. வெடிப்பின் இயல்பை ஆராய்வோர்க்கு அவ்வளவீடுகள் இன்றும் உதவுகின்றன. கற்பனையால் ஈர்க்கப்பட்டுச் சென்றவர்கள் உண்மையான அளவீடுகளோடு திரும்பினர். இதற்குக் காரணம் எளிது: மரம் ஓடிவிடாது. ஒருவர் அளந்ததை மற்றொருவர் சென்று மீண்டும் அளந்து பார்க்கலாம்.

வானத்துத் தோற்றமோ சில நிமிடங்களில் மறைவது. எஞ்சுவது கண்டவரின் சொல் ஒன்றே. இச்சொல்லைத் திரட்டும் பணியை மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர் பீலிக்ஸ் சீகெல் என்பார். அவர் 1920இல் பிறந்தவர். மொஸ்கோ விமானவியல் நிறுவகத்திலே விரிவுரையாளராக இருந்தவர். இளைஞர்க்கும் பொதுமக்கட்கும் ஏற்ற வானியல் நூல்கள் பலவற்றை எழுதிப் பெயர் பெற்றவர். இவர் இத்துறையில் இறங்கிய வரலாறு சற்று வேடிக்கையானது. 1961 சனவரியில் பிராவ்தா பத்திரிகை, ஆர்ட்சிமோவிச் என்னும் பெரும் பௌதிக அறிஞரின் வாயிலாக, பறக்கும் தட்டுகள் வெறுங்கதையென அறிவித்திருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க வானியலறிஞர் டொனால்ட் மென்செல் எழுதிய மறுப்பு நூலொன்று ரஷ்ய மொழியில் வெளிவந்தது. மக்களின் மூடநம்பிக்கையைப் போக்குதற்பொருட்டு வெளியிடப்பட்ட அந்நூலைப் படித்தே சீகெல் இவ்விடயத்தில் ஈடுபாடு கொண்டார் என்பர். மறுக்கப்படும் செய்திகளை மறுப்பு நூலொன்றே விரிவாக எடுத்துரைத்ததனால் வந்த விளைவு அது. எங்கள் சமயவாதப் பிரதிவாத நூல்களைப் படித்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது.

1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் மொஸ்கோவிலே ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி ஸ்டொலியாரொவ் தலைமையில் ஆராய்ச்சிக் குழுவொன்று அமைந்தது. நவம்பர் 10ஆம் திகதி ஸ்டொலியாரொவும் சீகெலும் தொலைக்காட்சியிலே தோன்றி, வானத்திலே விளங்காத தோற்றம் எதனையும் கண்டோர் தமக்கு எழுதுமாறு பொதுமக்களை வேண்டிக்கொண்டனர். கடிதங்கள் பெருந்தொகையாக வந்தன. அம்மாதம் முடியுமுன்னரே குழு கலைக்கப்பட்டது. 1968 பெப்ரவரி 29ஆம் திகதி பிராவ்தாவிலே மூவர் ஒப்பமிட்ட கட்டுரையொன்று வந்தது. நாட்டின் வானத்திலே செல்வன யாவும் அறிவியலாளராலோ பாதுகாப்புப் பணியில் உள்ளோராலோ இனங்காணப்படுகின்றன. ஆகவே விளங்காத பொருள் எதுவும் இல்லை என்பது அதன் சாரம்.

அச்சகத்தின் கதவு அடைபடவே, தட்டெழுத்துப் பொறியே அச்சகமாயிற்று. கிடைத்த கடிதங்களைச் சீகெல் திகதி, நேரம், இடம், திசை, வடிவம் என வகைப்படுத்திப் பெருந்தொகுதிகளாக்கினார். காபன் தாள் வைத்துத் தட்டச்சிட்ட அப்பிரதிகள் கைக்குக் கை மாறின. கடைசித் தாளிலே எழுத்து மங்கித் தெரியாது போவதும் உண்டு. அதனைப் பெற்றவர் மீண்டும் ஒரு முறை தட்டச்சிடுவார். இந்த உழைப்பை எளிதாக எண்ணுதல் தகாது. தொகுத்தவரின் கொள்கை யாதாயினும், கண்டவர் கூறியதை மாற்றாது, நாளும் நாழிகையும் குறித்துப் பேணியமை பாராட்டுக்குரியது.

அத்தொகுதிகளில் 1967ஆம் ஆண்டின் செய்திகள் தனித்து நோக்கற்பாலன. உக்ரேன், வொல்கா நதிப் பிரதேசம், கோக்கசஸ் மலைப்பகுதி ஆகிய இடங்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே வகையான தோற்றத்தை எழுதியிருந்தனர். மாலை மங்கும் வேளையிலே பிறை வடிவான ஒளியொன்று, தன் குவிந்த புறத்தை முன்னாகக் கொண்டு, ஒலியின்றி விரைந்து சென்றது. சில வேளைகளில் நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி அதனோடு செல்லக் காணப்பட்டது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கிஸ்லொவொட்ஸ்க் நகருக்கு அண்மையிலுள்ள மலை வானியல் நிலையத்திலே பணியாற்றியோரும் அதனைக் கண்டனர். வானத்தை நோக்குவதே தொழிலாகக் கொண்டோரின் சாட்சியை மனமயக்கமென்று தள்ளிவிட முடியாதன்றோ? இவ்விடத்திலேதான் சீகெல் முதலியோர், இது மனிதர் செய்த பொருளன்று என்ற முடிவை நோக்கிச் சாய்ந்தனர்.

அது மனிதர் செய்த பொருளே. அவ்வாண்டிலே சோவியத் இராணுவம் புதியதொரு படைக்கலத்தைச் சோதித்து வந்தது. பைக்கனூரிலிருந்து ஏவப்படும் அது, ஏனைய நெடுந்தூர ஏவுகணைகளைப் போல வளைந்து சென்று விழாது, செய்மதி போலப் பூமியைச் சுற்றத் தொடங்கி, ஒரு சுற்று நிறைவுறுமுன் எதிர்விசைப் பொறியை இயக்கி வேகம் குறைந்து இறங்கும். சோதனைகளிலே அது தென்மேற்கிலிருந்து வந்து கருங்கடலைக் கடந்து வொல்காவின் கீழ்ப்பகுதியை நோக்கி இறங்கிற்று. பொறி இயங்கும்போது வெளிப்படும் வாயு, காற்றின் தடையின்மையால், பல கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்தது. தரையிலே இருள் சூழ்ந்துவிட்ட அவ்வேளையிலும், மிக உயரத்தில் உள்ள அவ்வாயுவின்மேல் சூரியவொளி பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே கீழே நின்றோர்க்குக் கரிய வானிலே ஒளிரும் பிறையொன்று தெரிந்தது. காற்றில்லா உயரத்து நிகழ்ச்சியாதலின் ஒலி கேட்கவில்லை.

இதனை வெளியிட அரசு விரும்பாமைக்குக் காரணமும் இருந்தது. அணுவாயுதங்களைப் பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்துவதைத் தடுக்கும் விண்வெளி உடன்படிக்கை 1967 சனவரியிலே கையொப்பமாகி, ஒக்டோபர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒரு சுற்று முழுமையாகச் செல்லாத கலம் உடன்படிக்கையின் சொல்லை மீறவில்லை என வாதிக்கலாம். அதன் கருத்தை மீறியது என்பதே என் துணிபு. நவம்பர் 3ஆம் திகதி அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா இச்சோதனைகளை உலகுக்கு அறிவித்தார். ஒரு கிழமை கழித்து, அதே சோதனைகளால் எழுந்த தோற்றங்களைப்பற்றி மொஸ்கோத் தொலைக்காட்சி பொதுமக்களிடம் விசாரித்தது! அமெரிக்கர் அறிந்ததை அந்நாட்டுக் குடிமகன் அறியான். பிராவ்தாவின் கட்டுரையோ, தம் கண்ணால் மெய்யாகவே ஒன்றைக் கண்டவர்களை மூடநம்பிக்கைக்காரராக்கியது.

ஆயினும் பழி முழுவதையும் இரகசியத்தின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. அச்சோதனைக் கலங்கள் கொஸ்மொஸ் என்னும் பொதுப்பெயரோடு தாஸ் நிறுவனத்தால் அன்றன்று அறிவிக்கப்பட்டன. யூலை 17இல் கொஸ்மொஸ்-169. யூலை 31இல் 170. ஓகஸ்ட் 8இல் 171. ஏவிய இடமும் நேரமும் கூறப்படவில்லையெனினும் திகதி கூறப்பட்டது. மேலும், ஏனைய செய்மதிகளுக்குக் கூறப்படும் சுற்றுக்காலம் இவற்றுக்கு மட்டும் விடப்பட்டிருந்தது. கிஸ்லொவொட்ஸ்கிலே பிறை தோன்றிய அதே நாளிலேதான் கொஸ்மொஸ்-171 ஏவப்பட்டது என்பதைப் பழைய நாளிதழ்களைப் புரட்டினாலே கண்டிருக்கலாம். பின்னாளில் அமெரிக்கரான ஜேம்ஸ் ஓபெர்க் சீகெலின் திகதிகளையும் ஏவுகைத் திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பிறையின் புதிர் அவிழ்ந்தது. எக்கிரகத்திலிருந்து வந்தது என்று வினவியோர், எந்நகரிலிருந்து வந்தது என்று வினவவில்லை.

அந்த இரண்டாவது வினாவை வினவியவர் இங்கிலாந்திலே ஒரு பாடசாலை ஆசிரியர். கெற்றறிங் நகரத்து இலக்கணப் பாடசாலையிலே பௌதிகம் கற்பித்த ஜெப்ரி பெரி, செய்மதி அனுப்பும் வானொலிச் சைகையின் அதிர்வெண் அது நெருங்கும்போது கூடியும் அகலும்போது குறைந்தும் கேட்பதைக் கொண்டு டொப்ளர் விளைவை மாணாக்கர்க்கு விளக்கத் தொடங்கினார். எளியதொரு வானொலிப் பெட்டியே கருவி. ஒவ்வொரு செய்மதியின் சைகை எப்பொழுது கேட்கின்றது, எப்பொழுது மறைகின்றது என்று மாணாக்கர் குறித்துவந்தனர். 1966ஆம் ஆண்டு மார்ச்சில் ஏவப்பட்ட கொஸ்மொஸ்-112 பைக்கனூரிலிருந்து வந்திருத்தல் இயலாதென அவர்களின் கணக்குக் காட்டிற்று. ஒக்டோபரில் கொஸ்மொஸ்-129 சென்றது. பூமியின் சுழற்சியையும் கணக்கிற்கொண்டு இரு பாதைகளையும் பின்னோக்கி வரைந்தபோது, அவை வடரஷ்யாவிலே பிளெசெட்ஸ்க் என்னும் சிற்றூரின் அயலில் ஒன்றையொன்று வெட்டின. சோவியத் அரசு 1983 வரை ஒப்புக்கொள்ளாத ஏவுதளத்தை ஒரு பள்ளிக்கூடம் கண்டுபிடித்துவிட்டது. நம் கல்லூரி விஞ்ஞானக் கழகத்தார் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

பிளெசெட்ஸ்கின் பெயர் 1977இல் மீண்டும் வருகின்றது. அல்லது வராமலே நிற்கின்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலை நான்கு மணியளவில் பெட்ரொசவொட்ஸ்க் நகரின்மேல் பெரியதொரு ஒளி தோன்றி, கடற்சொறி தன் இழைகளைத் தொங்கவிட்டாற்போலக் கதிர்களைச் சொரிந்தது. செய்தி தாஸ் வழியாக நாடெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் கிழக்கேயுள்ள பிளெசெட்ஸ்கிலிருந்து அவ்வேளை கொஸ்மொஸ்-955 ஏவப்பட்டது; விடியுமுன் உயரே சென்ற றொக்கெற்றின் புகைமீது சூரியவொளி பட்டதே அக்காட்சியின் பெரும்பகுதி. ஆனால் அவ்வூரின் பெயரைச் சொல்ல இயலாத பத்திரிகைகள் எவ்வாறு விளக்கங் கூறும்?

இதன்பின் 1978இல் விஞ்ஞானக் கழகமும் பாதுகாப்பு அமைச்சும் தனித்தனியே இரகசிய ஆராய்ச்சித் திட்டங்களைத் தொடங்கின. 1979இல் கின்டிலிஸ் முதலிய மூவர், சீகெல் திரட்டியவற்றை ஆதாரமாகக் கொண்டு புள்ளிவிபர ஆய்வொன்றை விண்வெளி ஆராய்ச்சி நிறுவகத்தின் வாயிலாக வெளியிட்டனர். பறக்கும் தட்டு என்னும் சொல்லைத் தவிர்த்து, வழமைக்கு மாறான வளிமண்டலத் தோற்றங்கள் என்றே அதற்குப் பெயரிட்டனர். தட்டெழுத்துப் பிரதிகளாக உலவியவை அதனால் அறிவுலகத்தின் மேசையை அடைந்தன. 1984இல் வானொலி வானியலறிஞர் திரொயிட்ஸ்கி தலைமையில் வெளிப்படையான குழுவொன்றும் அமைந்தது. சீகெல் 1988இல் காலமானார். அடுத்த ஆண்டு தணிக்கை தளர்ந்தது. வொரொனெஸ் நகரிலே ஒரு கலம் இறங்கி, அதிலிருந்து உயர்ந்த உருவங்கள் வெளிவந்ததைச் சிறுவர் கண்டனரென்று தாஸ் நிறுவனமே 1989 ஒக்டோபரில் அறிவித்தது. ஒரு காலத்தில் மெய்யான ஒளியைக் கண்டோரை மறுத்த நாவு, இப்பொழுது சிறுவர் கதையை ஆராயாது உலகுக்குச் சொல்லிற்று.

அரசின் திட்டம் 1990இல் முடிவுற்றது. அதனை நடத்தியோருள் பிளாட்டொவ், சொக்கொலொவ் என்னும் இருவர் பின்னர் அதன் வரலாற்றை எழுதினர். அக்காலத்திலே சுமார் 3000 அறிக்கைகள் வந்தன. ஆயுதப்படையினர் யாவரும் கண்டதை அறிவிக்கவேண்டுமென்று 1980இல் கட்டளையிடப்பட்டிருந்தது. வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை றொக்கெற் ஏவுகைகளும் உயரப் பறந்த பலூன்களும் என்பது தெளிவாயிற்று. சிறு தொகை மட்டும் விளங்காது எஞ்சிற்று. கலமொன்று தரையில் இறங்கியதாகவோ, அதிலுள்ளோருடன் பேசியதாகவோ எந்தவொரு படைமுகாமிலிருந்தும் ஓர் அறிக்கையேனும் வந்ததில்லை.